நாவலுக்கு என்ன பெயர் வைப்பது?

(நமது குடியிருப்பு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாவலுக்குத் தலைப்பு வைப்பதைப் பற்றிப் பேசச் சொல்லி வாசகர் வட்டம் கேட்டுக்கொண்டது. கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் குடியிருப்பில் எனக்குத் தெரிந்தே மூன்று பேர் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மூவருமே அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் மண்ணிலிருந்து வந்தவர்கள். மூன்று கதைகளுக்கும் இன்னும் பெயர் வைக்கவில்லை. கணினியில் 'நாவல் புதிது', 'நாவல் இறுதி', 'நாவல் இறுதி இரண்டு' என்ற பெயர்களில்தான் அவை கிடக்கின்றன.

எழுதாதவர்களும் இங்கே நிறைய இருக்கிறீர்கள். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. கடையில் ஒரு புத்தகத்தைக் கையில் எடுப்பதா வேண்டாமா என்பதை நீங்கள் தலைப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறீர்கள். படித்து முடித்து இருபது வருஷம் ஆன பிறகு கதை மறந்துபோகும், பாத்திரங்களின் பெயர் மறந்துபோகும், தலைப்பு மட்டும் மிஞ்சும்.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம்தான். நல்ல தலைப்பு, படிப்பதற்கு முன் ஒரு பொருள் தரும். படித்து முடித்த பின் அதே சொல் வேறொரு பொருள் தரும். அந்த இரண்டு பொருளுக்கும் நடுவில் நாவல் நடந்திருக்கும். இதை நம் ஊர்ப் பக்கத்து உதாரணங்களோடு பார்ப்போம்.

முதலில் ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வைக்கும் கலையில் நம் முன்னோர்கள் சாமானியர்கள் இல்லை. திருச்சுழி என்றால் என்ன? சுழி என்பது நீர்ச்சுழி. பிரளய வெள்ளம் ஊரைச் சூழ்ந்தபோது சிவபெருமான் சூலத்தால் நிலத்தைக் குத்த, வெள்ளம் சுழித்துக்கொண்டு பூமிக்குள் இறங்கியது என்பது தலபுராணம். சுந்தரர் தேவாரம் பாடிய தலம் அது. இன்று பஸ்ஸில் போய் இறங்குகிறவர் கண்ணில் படுவது உடைமரமும் சீமைக்கருவேலமும் வறண்ட குண்டாறும்தான். மழைக்கு ஏங்குகிற ஊருக்கு வெள்ளத்தின் பெயர். அதே வட்டாரத்தில் கல்லூரணி, மல்லாங்கிணறு. பெயரில் ஊரணி இருக்கிறது, கிணறு இருக்கிறது. தண்ணீர் அரிதான இடத்தில்தான் தண்ணீர் இருக்கும் இடம் ஊருக்கே பெயராகிறது. பெயர் ஒன்றைச் சொல்ல, நிலம் வேறொன்றைக் காட்ட, 'ஏன் இப்படி?' என்று கேட்கத் தோன்றுகிறது பாருங்கள். அந்தக் கேள்விதான் ஒரு தலைப்பு முதலில் செய்ய வேண்டிய வேலை.

நகரத்துக் கட்டடங்களுக்கு வைக்கும் பெயர்களை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏரி தெரியாத கட்டடத்துக்கு ஏரியின் பெயர், ஒரு மரமும் இல்லாத இடத்துக்குச் சோலை என்று பெயர். இவையும் ஒன்றைச் சொல்லி வேறொன்றைக் காட்டுகின்றன. ஆனால் பின்னால் கதை கிடையாது, விற்பனை மட்டும்தான். இல்லாததை இருப்பதாகச் சொல்லும் தலைப்பு, வாசகரை ஒரு தடவைதான் ஏமாற்றும்.

இனி நாவலுக்கு வருவோம். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் வெளிவந்தது. அதை எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அந்தக் காலத்தில் 'இன்னாருடைய சரித்திரம்' என்பதே வழக்கமான தலைப்பு. ராஜம் ஐயர் எழுதிய நாவல் 1890-களில் விவேக சிந்தாமணியில் தொடராக வந்தது. அதன் முழுப் பெயர் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்'. அபவாதம் என்றால் வீண்பழி. தலைப்பின் முன்பாதி கதையின் பாடத்தைச் சொல்கிறது, பின்பாதி ஒரு பெண்ணின் பெயரைச் சொல்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்று நாம் எதைச் சொல்கிறோம்? கமலாம்பாள் சரித்திரம் என்று மட்டும்தான். பாடம் உதிர்ந்துவிட்டது, ஆள் நின்றுவிட்டாள். 'அல்லது' போட்டு இரண்டு தலைப்பு வைக்க ஆசைப்படுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். வாசகர்கள் ஒன்றைத்தான் சுமப்பார்கள். எதைச் சுமக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்துவிடுவது நல்லது.

அதே 1879-ஆம் ஆண்டின் டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் வேங்கடராமன். அவர் திருவண்ணாமலை போய்ப் பல வருஷங்கள் கழித்து, 1907-ல், கணபதி முனி என்ற அறிஞர் அந்தப் பெயரைச் சுருக்கி 'ரமண மகரிஷி' என்று சொன்னார். உலகம் அதைத்தான் பிடித்துக்கொண்டது. பெயர் சுருங்கியது, அதன் வீச்சு பெருகியது. சுருக்கியவரும் வேறொருவர். நம் கதைக்கு நாமே வைத்த பெயரில் எது வேண்டாத சுமை என்பது நமக்குத் தெரியாமல் போகலாம், கேட்கிறவர் காதுக்குத் தெரிந்துவிடும். தலைப்பை நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள் என்பது இதற்காகத்தான்.

அடுத்து நம் பக்கத்துக்கு மிகவும் பொருந்துகிற உதாரணம். கோவில்பட்டிப் பக்கத்தைச் சேர்ந்த பூமணி எழுதிய நாவல் 'வெக்கை', 1982-ல் வந்தது. அருப்புக்கோட்டையில் கால் வைத்த யாருக்கும் வெக்கை என்ற சொல்லுக்கு விளக்கம் வேண்டாம். மத்தியானத்தில் காற்று நின்று, மண்ணிலிருந்து கிளம்பி மேலேறுமே, அதுதான். படிப்பதற்கு முன் அது வெயில் காலத்தின் பெயர். கதை தொடங்கும்போது சிதம்பரம் என்ற 15 வயதுப் பையன் ஒரு மனிதனை வெட்டிவிடுகிறான். அவனுடைய அண்ணனைக் கொல்லக் காரணமாக இருந்தவன் அந்த மனிதன். பிறகு அப்பாவும் மகனும் காடு மேடெல்லாம் ஒளிந்து திரிகிறார்கள். படித்து முடிக்கும்போது வெக்கை என்பது வெயிலாக மட்டும் இருப்பதில்லை. நிலத்தைப் பிடுங்க வருகிறவன் மேல் ஒரு குடும்பத்துக்குள் தலைமுறையாகத் தேங்கிக் கிடந்த சூடு அது என்று தெரிகிறது. ஒரு சொல், இரண்டு பொருள். அந்த இரண்டாவது பொருளை ஆசிரியர் அட்டையில் எழுதவில்லை. நாவல் முழுக்க நம்மை நடக்கவிட்டு உணரவைத்தார்.

இதே கதைக்குப் பின்னால் நடந்ததைக் கேளுங்கள். 2019-ல் வெற்றிமாறன் இதைப் படமாக்கியபோது தலைப்பு 'அசுரன்' ஆயிற்று. தெலுங்கில் 2021-ல் 'நாரப்பா' என்று எடுத்தார்கள். கல்யாண்ராமன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 'ஹீட்' என்று வந்தது. வேர் ஒரே கதை, தலைப்பு நான்கு. ஏன் மாற்றினார்கள் என்று யோசித்தால் தலைப்பின் சூட்சுமம் புரியும். நாவலில் பாரம் பையன் மேலும் நிலத்தின் மேலும் இருக்கிறது, அதனால் 'வெக்கை'. படத்தில் அப்பாவின் பழைய வாழ்க்கை பெரிய பங்கு எடுத்துக்கொள்கிறது. கதையின் நடு அவர் பக்கம் நகர்ந்துவிட்டது. அதனால் அவரைக் குறிக்கும் 'அசுரன்'. தெலுங்கில் அவருடைய பெயரே தலைப்பாகிவிட்டது. மொழிபெயர்ப்பு நாவலோடு நின்றதால் சூட்டை விடவில்லை. எந்தத் தலைப்பும் தவறில்லை. கதையின் பாரம் எங்கே இறங்குகிறதோ அங்கே தலைப்பு நிற்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் நாவலில் அந்த இடம் எது என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால், பிரச்சினை தலைப்பில் இல்லை, நாவலில் இருக்கிறது. தலைப்புத் தேடுவதால் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான்.

கரிசல் எழுத்தாளர்கள் இந்த ஒற்றைச்சொல் வித்தையில் தேர்ந்தவர்கள். பூமணியின் முதல் நாவலின் பெயர் 'பிறகு'. கதை கேட்கிற குழந்தை 'பிறகு?' என்று கேட்குமே, அந்தச் சொல். செருப்புத் தைக்கும் ஒரு தொழிலாளியின் வாழ்க்கையைச் சொல்கிற அந்த நாவலைப் படித்தால், சுதந்திரம் வந்துவிட்டது, சரி, பிறகு என்ன மாறியது என்ற கேள்வியாக அது திரும்புகிறது. உருளைக்குடியைச் சேர்ந்த சோ. தர்மன் 'கூகை' என்று வைத்தார். கூகையைப் பார்த்தால் அபசகுனம் என்று விரட்டுவார்கள். பகலில் மற்ற பறவைகள் அதைத் துரத்தும், இரவில் அதற்குப் பலம் வரும். ஒடுக்கப்பட்ட மக்களைச் சொல்ல அந்தப் பறவை போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. 2019-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவருடைய நாவல் 'சூல்'. சூல் என்றால் கர்ப்பம். நாவலின் நடுவே இருப்பது ஒரு கண்மாய். நிறைந்த கண்மாயைக் கர்ப்பிணியாகப் பார்த்தவர்களுக்கு, அது தூர்ந்துபோவது என்னவாக இருக்கும் என்று தலைப்பே கேட்கிறது.

நம் வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கமானவர் எஸ். ராமகிருஷ்ணன். மல்லாங்கிணறு அவருடைய ஊர். கரிசல் நிலத்து நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றி அவர் எழுதிய 'சஞ்சாரம்' 2018-ல் அகாதெமி விருது பெற்றது. சஞ்சாரம் என்றால் ஊர் ஊராகத் திரிவது. ராகத்துக்குள் சுரங்கள் நடமாடுவதற்கும் அதே பெயர்தான். கோயில் கோயிலாக, கல்யாணம் கல்யாணமாகப் போய் வாசித்துவிட்டு மரியாதை கிடைக்காமல் திரும்புகிற ஒரு மனிதனுக்கு இந்தச் சொல்லின் இரண்டு பக்கமும் பொருந்துகிறது. வெறுமனே 'நாதஸ்வரக் கலைஞன்' என்று வைத்திருந்தால் யாரைப் பற்றிய கதை என்பது மட்டும் தெரிந்திருக்கும்.

'ஒற்றைச் சொல்தான் நல்லதா?' என்று கேட்பீர்கள். அப்படி ஒரு விதியும் இல்லை. ஜெயகாந்தனின் நாவல் தினமணி கதிரில் தொடராக வந்தபோது அதன் பெயர் 'காலங்கள் மாறும்'. புத்தகமானபோது 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று மாற்றினார். முதல் தலைப்பு ஒரு தீர்ப்பு. படிப்பதற்கு முன்பே முடிவு சொல்லிவிடுகிறது, எந்தக் கதைக்கும் பொருந்திவிடுகிறது. இரண்டாவது தலைப்பு பாதியில் நிற்கும் வாக்கியம். சில நேரங்களில் சில மனிதர்கள் என்ன செய்கிறார்கள்? அதை வாசகர்தான் நிரப்ப வேண்டும்.

வெளிநாட்டிலும் இந்தக் கதை உண்டு. ஜார்ஜ் ஆர்வெல் 1949-ல் வெளியிட்ட '1984' நாவலுக்கு முதலில் யோசித்த பெயர் 'ஐரோப்பாவின் கடைசி மனிதன்' என்ற பொருள்பட இருந்தது. அது எங்கோ ஒரு மனிதனைக் காட்டுகிறது. ஓர் ஆண்டின் எண்ணை வைத்ததும் வாசகர் தன் வீட்டு நாள்காட்டியைத் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. ஜேன் ஆஸ்டின் 'முதல் அபிப்பிராயங்கள்' என்ற பெயரில் எழுதிவைத்திருந்த கதைதான் 1813-ல் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' ஆக வந்தது. ஆகவே உங்கள் கோப்பில் இன்று இருக்கும் தலைப்பு உங்கள் நாவலின் கடைசித் தலைப்பாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இனி கைக்கு உதவும் சில சோதனைகள்.

முதலாவது, மாற்றிப் பொருத்தும் சோதனை. உங்கள் தலைப்பை வேறு ஐந்து நாவல்களுக்கு மனத்தில் ஒட்டிப் பாருங்கள். 'வாழ்க்கைப் பயணம்', 'வேர்களைத் தேடி', 'கண்ணீர்ப் பூக்கள்' போன்றவை எல்லாவற்றிலும் ஒட்டும். எல்லாக் கதவையும் திறக்கும் சாவி உங்கள் வீட்டுக்குப் பாதுகாப்பு இல்லை என்பது இங்கே பாதுகாப்புக் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, தொலைபேசிச் சோதனை. தலைப்பை ஒருவரிடம் போனில் ஒரு தடவை மட்டும் சொல்லுங்கள். அவர் அதைப் புத்தகக் கடையில் போய்ச் சரியாகக் கேட்க முடிய வேண்டும். 'என்னது, இன்னொரு தடவை சொல்லுங்க' என்றால் யோசியுங்கள்.

மூன்றாவது, தேடல் சோதனை. போனில் அந்தச் சொல்லைத் தட்டிப் பாருங்கள். 'மழை' என்று வைத்தால் வானிலை அறிக்கைதான் வரும், உங்கள் நாவல் வராது. அதே பெயரில் வேறு நாவல் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். சட்டப்படி அது பெரிய தடை இல்லை. 'தேசி பாய்ஸ்' என்ற இந்திப் படத்தின் தலைப்பு பற்றிய வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம், தலைப்பு ஒன்று மட்டுமே பதிப்புரிமைக்குரிய படைப்பு ஆகாது என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் ஒரே பெயரில் இரண்டு நாவல் இருந்தால் பின்னால் வந்தவருக்குத்தான் நஷ்டம். பெயர் தெரிந்த பழைய புத்தகமாக இருந்தால் மரியாதைக்காகவும் விட்டுவிடுங்கள்.

நான்காவது, வட்டாரச் சொல் பற்றிய தயக்கம். 'சென்னையில் இருப்பவர்களுக்குப் புரியாதே' என்று பயந்து கலுங்கு, ஊடை, மூட்டம் போன்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். அருப்புக்கோட்டைத் தறிக்காரர் வீட்டில் பாவும் ஊடையும் தினசரிப் பேச்சு. சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவருக்கு மூட்டம் என்றால் மூன்று வேளைச் சோறு. கி. ராஜநாராயணன் 1982-லேயே கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதி தொகுத்தார். சொற்கள் கைநழுவிப் போகின்றன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. புரியாத சொல்லைத் தலைப்பில் வைத்தால், அதைப் புரியவைக்கும் பொறுப்பை நாவல் ஏற்க வேண்டும். இருநூறு பக்கத்துக்குள் அந்தச் சொல் வாசகருக்குச் சொந்தமாகிவிட்டால், ஒரு சொல்லைச் சாகாமல் காப்பாற்றிய புண்ணியமும் உங்களுக்கு உண்டு. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மானாவாரி என்றால் என்னவென்று தெரியும்? வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, இங்கேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடுதான் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்றார். நம் குடியிருப்பில் உள்ள ஓர் அம்மா தன் அப்பாவைப் பற்றி நாவல் எழுதியிருக்கிறார். திருச்சுழிப் பக்கம் நான்கு ஏக்கர் மானாவாரி நிலம். கம்பு, குதிரைவாலி, மல்லி என்று விதைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் நிலத்தை விற்றுப் பிள்ளைகளோடு நகரத்துக்கு வந்த மனிதரின் கதை. வாசகர் வட்டத்தில் தலைப்புக்கு யோசனை கேட்டார். ஒருவர் 'மறுகால்' என்றார். கண்மாய் நிரம்பி வழியும் நீர் அடுத்த கண்மாய்க்கு ஓடுவதை மறுகால் பாய்கிறது என்போம். ஒரு ஊரில் நிறைந்தவர்கள் அடுத்த ஊருக்குப் பாய்வது என்று விளக்கமும் சொன்னார். கேட்ட எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

அந்த அம்மா மட்டும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நல்ல பேருதான். ஆனா எங்க அய்யா நெறஞ்சு வழிஞ்சு வரலையே. வத்திப்போயில்ல வந்தாரு."

இதற்கு மேல் அந்தத் தலைப்புக்கு யாரும் வாதாடவில்லை. அழகான சொல், மண்ணின் சொல், நான் சொன்ன சோதனைகள் எல்லாவற்றிலும் தேறும் சொல். ஆனால் அந்தக் கதைக்கு அது பொய். பொய்யான தலைப்பை எந்தச் சோதனையும் காப்பாற்றாது. எழுதியவர் ஒருவருக்குத்தான் அது பொய் என்று தெரியும், அவர்தான் மறுக்க வேண்டும்.

பிறகு கைப்பிரதியைப் புரட்டினோம். அப்பா பேசும் இடங்களில் ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது. ஓடு மாற்றுவதா, "அடுத்த மழைக்கு." மகளுக்குக் கம்மல் வாங்குவதா, "அடுத்த மழைக்கு." அடகு வைத்ததை மீட்பதா, அம்மாவைப் பெரிய டாக்டரிடம் காட்டுவதா, எல்லாம் அடுத்த மழைக்கு. எழுதும்போது அதை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை என்றார் அந்த அம்மா. அது அப்பா பேசுகிற தினுசு, அவ்வளவுதான் அவருக்கு. படிப்பதற்கு முன் 'அடுத்த மழைக்கு' என்பது நம்பிக்கையான ஒரு சொல். நாவலை முடித்த பிறகு, ஒரு மனிதர் தள்ளிவைத்த அத்தனையும் அதற்குள் இருக்கிறது. தலைப்பு ஏற்கெனவே கைப்பிரதிக்குள் இருந்தது. தேடியவர்கள்தான் வெளியே தேடிக்கொண்டிருந்தோம். அதையே வைப்பதா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவு அவருடையது.

ஆகவே நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைப்பிரதியை ஒரு தடவை தலைப்புக்காக மட்டும் படியுங்கள். அடிக்கடி வரும் பொருள் எது, யாரோ ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்லும் சொல் எது, கதை எந்த இடத்தில் திசை மாறுகிறது என்று மூன்று பட்டியல் போடுங்கள். நல்ல தலைப்பு பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் உட்கார்ந்திருக்கும். கிடைத்ததை உடனே அட்டையில் ஏற்றாமல் ஒரு மாதம் அப்படியே விட்டுவையுங்கள். ஒரு மாதம் கழித்தும் அது உண்மையாகத் தெரிந்தால் வைத்துக்கொள்ளலாம்.

எழுதாதவர்களுக்கும் ஒரு வேலை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும், அல்லது சொல்லிக்கொண்டிருந்த, ஒரே ஒரு வார்த்தையை எழுதிக்கொண்டு வாருங்கள். பலகையில் வரிசையாக எழுதிவைப்போம். பெயரில்லாமல் கிடக்கும் மூன்று நாவல்களில் ஒன்றுக்கு அது உதவலாம். உதவாவிட்டாலும், அந்த வார்த்தையை நாலு பேர் கேட்டிருப்பார்கள்.